எக்ஸ் நிறமூர்த்தமும் எங்கள் முகூர்த்தமும்

2009.01.05 திங்கள்

காப்புறுதிக் கம்பனி கொடுத்த டயறி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "எதிர்பாராதது எப்போதும் நடக்கலாம்" என்று அச்சடித்திருக்கிறார்கள். முந்நூற்றி அறுபத்தைந்து தரம். வாசிக்கிறவளுக்குக் காய்ச்சல் வரும்.

முதலாம் தவணை தொடங்கிவிட்டது. உயர்தர உயிரியல் வகுப்புக்கு இந்தத் தவணை பிறப்புரிமையியல். முப்பத்தொரு பெண்பிள்ளைகள். முன் வாங்கில் இருந்த ஒருத்தி, "மிஸ், கலியாணத்துக்கு முன்னுக்கு முடிச்சிருவீங்களா?" என்றாள். பாடத்தைத்தான் கேட்டாளாம்.

தை 29, பெப்ரவரி 11, புதன்கிழமை. இன்னும் முப்பத்தேழு நாள். மாப்பிள்ளை உதயரூபன், வாழைச்சேனைப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறார். பேசிச் செய்கிற கலியாணம்தான். ஆனால் மூன்று மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒரு சாட்டு வைத்துக்கொண்டு கல்லடிக்கு வந்துவிடுகிறார். போன கிழமைச் சாட்டு, இந்தப் பக்கத்துத் தேங்காய் நல்லதாம். வாழைச்சேனையில் தென்னை மரமே இல்லையா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன், இனி அழிக்க ஏலாது.

அப்பா சந்தைக்குப் போய்த் தக்காளி வாங்கி வந்தார். ஒரு கிலோவும் காய். அம்மாவைக் கடல் கொண்டுபோய் நாலு வருடம் முடிந்துவிட்டது, நாலு வருடமாக இப்படித்தான். மனுசனுக்கு எதிலும் கவனம் இல்லை. புளிக்குழம்பு வைத்தேன்.

2009.01.10 சனி

இன்றைய சாட்டு உண்மையான சாட்டு. கூறைச் சேலை. சட்டை தைக்க வேண்டும் என்பதால் முன்னதாகவே கொண்டுவந்தார். அவருடைய அம்மா ஆச்சிப்பிள்ளை மாமிக்கு முழங்கால் நோ. அதனால் மகனைத் தனியே காத்தான்குடிக்கு அனுப்பியிருக்கிறா. மூன்று தரம் சொல்லி அனுப்பினாவாம்: "அரக்குச் சிவப்பு மனே. வேற ஒண்டும் வேணாம். அரக்குச் சிவப்பு."

பெட்டியைத் திறந்தேன். பச்சை.

கரும்பச்சை, பாசி, அது இது என்று சமாளிக்க ஏலாத பச்சை. வெளியில் காயப்போட்டால் மாடு வந்து மேயும்.

"எப்பிடி?" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நல்லாயிருக்கு. மாமி அரக்கு எண்டுதானே சொன்னவ?"

"இது அரக்குத்தானே."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். விடவில்லை. அப்பா கிட்ட வந்து, சேலையின் கரையைத் தடவி, "நல்ல பட்டு" என்றார். நிறத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மரியாதைக்காகத்தான் இருக்கும்.

2009.01.12 திங்கள்

ஆசிரியர் அறையில் றிஸ்லாவிடம் சொன்னேன். அவளும் நானும் பேராதனையில் ஒன்றாகப் படித்தவர்கள். சேலை வாங்கிய கடை அவளுடைய மாமா முகைதீன்பாவாவுடையது. அவளுக்கு ஏற்கெனவே கதை தெரியும். சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள்.

"மாமா கேட்டாராம் நிருஷா, 'தம்பி, பச்சைதானே எடுக்கப் போறீங்க?' எண்டு. உங்கட ஆள், 'பகிடி விடாதீங்க காக்கா, சிவப்பு எது எண்டு எனக்குத் தெரியாதா' எண்டாராம். மாமா பயந்து போய்ச் சுத்திக் குடுத்திட்டார். மாப்பிள்ளையோட நிறத்துக்குச் சண்டை பிடிச்சா வியாபாரம் நடக்குமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன கிழமை முழுக்க நான் கரும்பலகையில் கீறிக்கொண்டிருந்ததே இதைத்தானே. சிவப்பு-பச்சை நிறக்குருடு. குறை இருப்பது எக்ஸ் நிறமூர்த்தத்தில். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுது என்றால் மற்றது பார்த்துக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அம்மா கொடுத்தது. அப்பா கொடுக்கிற வை நிறமூர்த்தத்தில் இந்தச் சாமானே கிடையாது. இதை முப்பத்தொரு பிள்ளைகளுக்கு விளக்கியவளுக்குத் தன் வீட்டுக் கூறையைப் பார்த்து விளங்கவில்லை. நானும் ஒரு டீச்சர்.

2009.01.17 சனி

சோதித்தேன். புள்ளிப் புள்ளியாகப் படம் போட்ட அட்டையை லைபிரரியிலிருந்து கொண்டுவந்து, "இதில என்ன இலக்கம் தெரியுது?" என்று அவரிடம் நீட்டினேன்.

"இருபத்தொண்டு."

எழுபத்திநாலு. என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைக்கும் எழுபத்திநாலு. முற்றத்தால் போன மீன்காரருக்கும் எழுபத்திநாலு, கூப்பிட்டுக் காட்டினேன். கணித ஆசிரியருக்கு மட்டும் இருபத்தொன்று. அதையும் அவர் நிரூபிக்கப் பார்த்தார். பென்சிலால் கோடு இழுத்துக் காட்டினார்.

பிறகு பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னார், "அதுதானா சங்கதி? போன வருசம் செக்பொயின்ற்றில பைக் என்ன நிறம் எண்டு கேட்டாங்க. சொன்னன். ரெண்டு மணித்தியாலம் வெயிலில நிப்பாட்டி வச்சாங்க. பைக் களவெடுத்தது எண்டு நினைச்சிட்டாங்க."

இருபத்தொன்பது வயதுவரை ஒருவருக்கும் தெரியவில்லை. சனங்கள் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிக் கதைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து விக்கல் வந்துவிட்டது.

2009.01.18 ஞாயிறு

மாமி போன் எடுத்தா. சேலை விசயத்தை மகன் சொல்லிவிட்டாராம், ஆனால் ஒன்றும் விளங்கவில்லையாம். எங்கள் போனில் ஒரே இரைச்சல். நான் மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னேன்: "பயப்பட ஒண்டும் இல்ல மாமி. எக்ஸ் நிறமூர்த்தத்தில ஒரு சின்னக் குறை. அவ்வளவுதான்."

மாமி, "அப்பிடியா புள்ள. நல்ல வேளை சொன்ன. நான் பாத்துக்கொள்ளுறன்" என்று வைத்துவிட்டா.

எவ்வளவு நல்ல மனுசி. படித்த மாமியாருக்குக்கூட இவ்வளவு சுருக்காக விளங்கியிருக்காது.

2009.01.20 செவ்வாய்

என் வாயில் மண்.

மாமிக்கு நிறமூர்த்தம் கேட்கவில்லை. முகூர்த்தம் கேட்டிருக்கிறது. முகூர்த்தத்தில் குறை. உடனே சாமித்தம்பிச் சாத்திரியாரிடம் ஓடியிருக்கிறா. முழங்கால் நோவோடு. அந்த மனுசன் பஞ்சாங்கத்தை விரித்து, "ஓம், குறை இருக்குத்தான், மூண்டு இருக்கு" என்றாராம். இந்த முகூர்த்தத்தை வைத்துத் தந்ததே அவர்தான்.

பெப்ரவரி 11 போய்விட்டது. மாசி சரியில்லையாம். பங்குனி செய்யக் கூடாதாம். சித்திரையில் அவரைச் சனி பார்க்குதாம். வைகாசி நான் பிறந்த மாதம். ஆகவே ஆனி 10, ஜூன் 24. நான் சொன்ன ஒரு சொல்லால் கலியாணம் நாலரை மாதம் தள்ளிப்போயிற்று.

2009.01.25 ஞாயிறு

நேரில் போய்த் திருத்திவிடலாம் என்று வாழைச்சேனைக்குப் போனேன். திருத்தினேன். அது அதைவிட மோசம்.

"மாமி, முகூர்த்தம் இல்ல, நிறமூர்த்தம். உடம்புக்குள்ள இருக்கிறது. மகனுக்குத் தாயிட்ட இருந்து வரும்."

"ஆரிட்ட இருந்து?"

"தாயிட்ட."

நான் ஒரு மட்டக்களப்புப் பெண். இந்த ஊரில் குடி தாய்வழி என்பது எனக்குத் தெரியாதா? அம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பதும் அதில்தான் இருக்கிறது. தாய்வழியில் குறை என்றால் குடியிலே குறை என்றல்லவா அர்த்தம்? மாமி கதிரையிலிருந்து எழும்பிவிட்டா. முழங்கால் நோ போன இடம் தெரியவில்லை.

"என்ட குடியிலயா குறை? கோயில்ல எங்களுக்குத்தான் முன்னுக்கு. எங்கட குடியில ஒருத்தனுக்கும் ஒரு குறையும் இல்ல கா. குறை எண்டா அது அவன்ட அப்பன்ட பக்கம்."

குடிப்பெயரை இங்கே எழுதமாட்டேன். இந்த டயறி மாமியின் கையில் கிடைத்தால் நான் தீர்ந்தேன்.

2009.02.08 ஞாயிறு

உதயரூபன் போனில் சொன்னது. மாமி தன் குடியைக் காப்பாற்றுவதற்காகத் தன்னுடைய மூன்று அண்ணன்மாரையும் வீட்டுக்கு வரவழைத்து, வரிசையாக இருத்தி, கொடியில் கிடந்த சிவப்புத் துவாயைக் காட்டி, "இது என்ன நிறம்?" என்று கேட்டிருக்கிறா.

மூத்தவர், பச்சை. நடுவில் உள்ளவர், சிவப்பு. இளையவர், "எனக்கு இதில ஒரு விருப்பு வெறுப்பும் இல்ல, நீயே சொல்லு."

மூன்றில் இரண்டு. மாமி அன்றைக்குச் சோறு தின்னவில்லையாம். பிறகு இரவைக்கு எழும்பி, "அப்ப இது எங்கட குடிச் சொத்து" என்று சொல்லிவிட்டுத் தின்றாவாம். இப்போது ஆரும் வந்தால் பெருமையாகச் சொல்கிறாவாம். ஒரு பிரச்சினை தீர்ந்தது.

2009.02.15 ஞாயிறு

ஒரு பிரச்சினை தீர்ந்தது என்று எழுதிய கையை வெட்ட வேண்டும்.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூறை, இருபத்தொன்று, துவாய், எல்லாம். சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். சிரிக்கவில்லை. இன்று காலை தேத்தண்ணி குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார், "இந்தக் கலியாணம் வேணாம் புள்ள."

"என்னத்துக்கு?"

"நிறம் தெரியாதவனுக்கு உன்னைக் குடுக்க மாட்டன்."

"அவர் என்ன விமானமா ஓட்டப் போறார்? கணக்குப் படிப்பிக்கிறார். எழுதுறது வெள்ளைச் சோக், பலகை கறுப்பு. ரெண்டும் நல்லாத் தெரியும்."

"வேணாம் எண்டா வேணாம்."

காரணம் சொல்லமாட்டாராம். முப்பது வருடம் தபாற்கந்தோரில் இருந்த மனுசன், வாயில் முத்திரை ஒட்டினதுபோல் இருக்கிறார். அழகரத்தினம் போஸ்ற்மாஸ்டர் சொன்ன சொல் மாறமாட்டார் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை என்னிலயா காட்ட வேணும்? எனக்கு இருபத்தேழு வயது. எனக்கு அவரைத்தான் வேணும். நான் வேற ஆரையும் கட்டமாட்டன். கட்டமாட்டன் எண்டா கட்டமாட்டன்.

2009.02.16 திங்கள்

அப்பா பேசவில்லை. நானும் பேசவில்லை.

2009.03.01 ஞாயிறு

உதயரூபன் வந்தார். அப்பா கதிரை கொடுத்தார், தேத்தண்ணி கொடுத்தார், கதைக்கவில்லை. மூன்று பேரும் ஒரு மணித்தியாலம் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2009.03.14 சனி

இன்றும் கோழி.

2009.04.04 சனி

சுனாமி ஒத்திகை. இதை ஆறுதலாக எழுத வேண்டும்.

எங்கள் கிராமத்து அனர்த்தக் குழுவுக்கு 2005 இலிருந்து அப்பாதான் தலைவர். கொடி ஏற்றுகிற வேலையை வேறொருவருக்கும் கொடுக்கமாட்டார். சிவப்புக் கொடி என்றால் எல்லாரும் ஓட வேண்டும். பச்சை என்றால் திரும்பி வரலாம். பழைய கொடிகளை எலி அரித்துவிட்டது. இந்த முறை புதுக் கொடிகள் வந்திருந்தன, இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரித் தடி. மாவட்டத்திலிருந்து ஒரு உத்தியோகத்தர் கையில் மணிக்கூட்டோடு வந்து நின்றார். நாங்கள் எல்லாம் கடற்கரையில். பள்ளிக்கூட மேல்மாடியில் அப்பா. அவருக்குப் பக்கத்தில் உதயரூபன். கூப்பிடாமலே வந்து, "நான் உதவி செய்யுறன் மாமா" என்று ஏறிவிட்டார். அப்பாவால் நூறு பேருக்கு முன்னால் இறங்கச் சொல்ல முடியவில்லை.

சங்கு ஊதியது. உதயரூபன் ஒரு கொடியை எடுத்து நீட்டினார். அப்பா அதைப் பார்த்தார், வாங்கினார், தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

பச்சை.

ஒருவரும் அசையவில்லை. அப்பா இன்னும் பலமாக ஆட்டினார். வினாயகமூர்த்தி அண்ணன் மணலில் நன்றாகச் சாய்ந்து படுத்துக்கொண்டார். "ஓடுங்க, ஓடுங்க" என்று மேலேயிருந்து இரண்டு பேரும் கத்துகிறார்கள், கீழே சனம் கையை ஆட்டிப் பதில் சொல்கிறது. பத்து நிமிடம். உத்தியோகத்தர் கடதாசியில் "கிராமம் அசையவில்லை" என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்.

இறங்கி வந்தபிறகு சண்டை. "நான் பிடிச்சது சிவப்பு" என்றார் அப்பா. "சிவப்புத்தான், நான்தான் எடுத்துக் குடுத்த" என்றார் உதயரூபன். ஊரே பச்சை என்கிறது, இரண்டு பேர் மட்டும் சிவப்பு என்கிறார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விசயம். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தக்காளி. நல்ல பட்டு. கடவுளே, நான் என்ன உயிரியல் படித்தேன்?

2009.04.05 ஞாயிறு

புள்ளி அட்டையைக் கொண்டுபோய் அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தள்ளிவிட்டார்.

"தெரியும் புள்ள. பொடியனா இருக்கக்குள்ளயே தெரியும். உன்ட அம்மாவுக்கு மட்டும்தான் சொன்ன நான். அவதான் சேட்டு எடுத்து வைப்பா. அவதான் மரக்கறி பாத்து வாங்குவா. முத்திரைக்கு மூலையில அவ பென்சிலால அடையாளம் போட்டுத் தருவா. பழைய கொடியில சிவப்புக்கு ஒரு கிழிசல் இருந்த. அதைப் பாத்துத்தான் ஏத்தின நான். ஒருத்தருக்கும் தெரியா."

"அப்ப உங்களுக்கு இருக்கிற குறை அவருக்கு இருந்தா மட்டும் பிழையா?"

நான் கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. நான் வளவுப் பக்கம் திரும்பி நிற்கும்போது சொன்னார்.

"சுனாமி அண்டைக்கு ஆசுபத்திரியில பேர் பதிஞ்சவன் கேட்டான், என்ன நிறச் சேலை எண்டு. காலமை எனக்கு முன்னுக்கு நிண்டுதான் தேத்தண்ணி தந்தவ. எனக்குத் தெரியா. என்னண்டு தெரியும்? சிவப்பு எண்டு சொன்னன். வாயில வந்ததைச் சொன்னன். சிவப்பு எண்டு எழுதி, சிவப்பா உடுத்திருந்த ஆக்களை மட்டும்தான் எனக்குக் காட்டினாங்க."

நான் அப்போது பேராதனையில், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவைக் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

"உன்னையும் ஒருத்தன் அப்பிடித் தேடிப்போட்டு நிக்கக் கூடாது. அதுதான்."

கோபம் முழுக்க அப்படியே இருந்தது, ஆனால் அதை வைக்க ஒரு இடமும் இல்லை. போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அழுதேன். இரண்டு பேரும்.

2009.04.10 வெள்ளி

மாமி போன் எடுத்து, "என்னவாம் உங்கட அப்பா?" என்று கேட்டா. எனக்கு ஒளிக்கத் தெம்பில்லை. "அப்பாவுக்கும் அதே குறைதான் மாமி. அவருக்கு இருக்கிறது ஒரு எக்ஸ், அது எனக்கு வந்திருக்கும். அப்ப நான் கட்டாயம் காவி."

பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. குறையை வெளியில் காட்டாமல் காவிக்கொண்டு திரிகிறவள், காவி. நான் பாடம் நடத்துகிற நினைப்பில் சொல்லிவிட்டேன்.

"காவியா?" என்றா மாமி. "கா–வி–யா புள்ள?" போன் வைக்கப்பட்டது.

2009.04.11 சனி

காலை ஏழரைக்கு மாமி வாசலில். முதல் பஸ்ஸில், மகனையும் இழுத்துக்கொண்டு. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுகை.

"காவி கட்டுற வயசா புள்ள இது? அப்பா மாட்டன் எண்டா நாங்க பேசிப் பாப்பம். அதுக்காக ஆச்சிரமத்துக்குப் போறதா?"

விளக்கிச் சொல்ல அரை மணித்தியாலம். மாமி மூக்கைத் துடைத்துவிட்டு, "உங்கட பாடத்தில ஒரு நல்ல தமிழ்ச் சொல்லும் இல்லையா?" என்று ஏசினா. நியாயமான கேள்வி.

நான் தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனேன். மாமியும் பின்னால் வந்தா. வெளியே ஆண்கள் இருவரும் கோழியைப் பார்க்கிற நேரம். அப்பாவின் குரல் கேட்டது. ஒத்திகைக்குப் பிறகு அவர் உதயரூபனோடு பேசிய முதல் பேச்சு.

"தம்பி. இப்ப உள்ளுக்குப் போனாளே, அவள் என்ன உடுத்திருக்காள்?"

மாமி என் கையை இறுக்கிப் பிடித்தா. இந்த மனுசன் சிவப்பு என்று சொன்னால் முடிந்தது. பச்சை என்று சொன்னாலும் முடிந்தது. நான் உடுத்திருந்தது மண்ணிறம்.

"நிறம் சொல்லமாட்டன் மாமா. சொன்னாப் பிழைக்கும்," என்றார் உதயரூபன். "நூல் சேலை. கரையில சின்னக் கட்டம், ரெண்டு வரிசை. முந்தானையில மை பட்ட தடம் ஒண்டு, ரெண்டு ரூபாக் குத்தியளவு. வலப்பக்கம் முழங்காலுக்குக் கீழ கிழிஞ்சு தைச்சிருக்கு, ஒன்பது தையல். கொசுவம் ஏழு. மற்ற நாளில எட்டு வைக்கிறவ. இண்டைக்கு நாங்க வெள்ளாப்பில வந்தபடியால அவசரப்பட்டிட்டா."

நான் குனிந்து எண்ணினேன். ஏழு. மாமியும் எண்ணினா. கணக்கு வாத்தியார் சனிக்கிழமை சனிக்கிழமையாக வந்து இதையா எண்ணிக்கொண்டிருந்தார்? எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

வெளியே அப்பாவின் கதிரை கிரீச்சிட்டது.

"ஆரும் நிறம் கேட்டா?" என்றார் அப்பா.

"கட்டம் எண்டு சொல்லுவன் மாமா. கட்டத்தைத் தேடட்டும்."

அப்பா செருமினார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "என்ன புள்ள, தேத்தண்ணி இன்னும் ஆகலயா? மாப்பிள்ளை வந்து எவ்வளவு நேரம்" என்றார்.

தம்பி இல்லை. மாப்பிள்ளை.

2009.04.14 செவ்வாய்

புதுவருடம். மருத்துநீர் வைத்து முழுகினோம். சாத்திரியார் சொன்ன உடை, சிவப்புக் கரை வைத்த வெள்ளை. என் கணவராகப் போகிறவர் வாழைச்சேனையிலிருந்து பச்சைக் கரை வேட்டியில் வந்தார். என் அப்பா மண்ணிறக் கரை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, "நல்ல சிவப்பு" என்று பாராட்டிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. வருடப் பிறப்பன்று ஏன்?

2009.05.19 செவ்வாய்

யுத்தம் முடிந்துவிட்டதாம். மட்டக்களப்பு ரவுனில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். அப்பா றேடியோவை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். உதயரூபனின் சித்தப்பா குடும்பம் வன்னியில். ஒரு செய்தியும் இல்லை.

போனில், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். "நானும் இல்ல" என்றார். அவ்வளவுதான் கதைத்தோம்.

2009.06.06 சனி

சித்தப்பா, சித்தி, இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் செட்டிகுளத்து முகாமில் இருக்கிறார்களாம். கடிதம் வந்தது. மாமி கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறா. கலியாணத்துக்கு மேளம் வேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

2009.06.13 சனி

இரண்டாவது ஒத்திகை. அப்பா தலைவர் பதவியை விடப் பார்த்தார், குழு விடவில்லை. நிறத்தை நம்ப வேண்டாம், எழுத்தை நம்புவோம் என்பது உதயரூபனின் யோசனை. சிவப்புக் கொடியில் இரண்டு முழ உயரத்துக்கு "ஓடு" என்று எழுதினோம்.

சங்கு ஊதியது. அப்பா சரியான கொடியைத் தூக்கினார். சனம் ஓடியது. கடலுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் ஓடியது, ஆனால் நேரே பள்ளிக்கூட வாசலுக்கு. வினாயகமூர்த்தி அண்ணன் உழவு இயந்திரத்தைப் பெட்டியோடு கொண்டுவந்து நிறுத்தினார். வீட்டுத்திட்டத்துக்கு ஓடு கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்களாம். "எத்தனை ஓடு தருவீங்க, மாஸ்டர்? முகட்டோடும் இருக்கா?"

உத்தியோகத்தர் நேரத்தைப் பார்த்தார். நாலு நிமிடம். மாவட்டத்திலேயே இதுதான் விரைவாம். கொடியை அப்படியே விடச் சொன்னார்.

2009.06.24 புதன்

கலியாணம். பச்சைக் கூறைதான் உடுத்தேன். சட்டைத் துணி வெட்டியாயிற்று, மாற்ற ஏலாது. அதோடு எனக்கு அது பிடித்துவிட்டது. ஒவ்வொரு பெண்ணும் வந்து, "என்ன கா கூறை பச்சை?" என்று கேட்கக் கேட்க, மாமி கண் வெட்டாமல், "எங்கட குடியில மூத்த மருமகளுக்குப் பச்சைதான். பழைய வழக்கம், உங்களுக்குத் தெரியா" என்றா. பந்தி முடிவதற்குள் இரண்டு கிழவிகள், ஓம், தாங்களும் கேள்விப்பட்டிருக்கிறோம் என்று தலையாட்டினார்கள். றிஸ்லாவுக்கு விக்கல்.

தாலி கட்டும்போது அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. மேலே பந்தலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

2009.07.02 வியாழன்

வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், தகப்பனும் நிறக்குருடு, தாயும் காவி எண்டா, பிள்ளை?" பொடியன் என்றாலும் பெட்டை என்றாலும் அரைக்கு அரை என்றேன். முப்பத்தொரு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் ஒன்றும் ஒளிக்க ஏலாது.

2009.09.07 திங்கள்

மூன்றாந் தவணை. கலியாணத்தோடு அவரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், இங்கே அதுதான் வழக்கம். காலையில் வெளிக்கிட்டு வரும்போது அப்பா படலையடியில் நின்று, "இண்டைக்கு என்ன நிறம் புள்ள?" என்றார். கொஞ்ச நாளாகக் கேட்கிறார். நிறம் தெரியாத குறையைத் தீர்க்கச் சும்மா கேட்பதாக நினைத்து, "நாவல்பழ நிறம். அவர்ட சேட்டு பச்சை" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

பின்னேரம் திகதி பார்க்க அப்பாவின் அறைக் கலண்டரைப் பிரட்டினேன். ஜூன் 25 இலிருந்து ஒவ்வொரு தாளிலும் அவருடைய தபாற்கந்தோர்க் கையெழுத்து. ஒரு நாளும் விடவில்லை. இன்றைய தாளில்:

"நிருஷா – நாவல்பழ நிறம். மருமகன் – சாம்பல் என்றார். நிருஷாவின் கணக்குப்படி பச்சை. ஆகவே பச்சை."

அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து, கணக்குக் கொப்பியில் எழுதுகிற மாதிரிச் சின்னதாக:

"மாமா – வெள்ளைச் சேட்டு, வெள்ளை வேட்டி, மூன்றாவது பொத்தான் இல்லை. இதற்கு நாங்கள் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை."